73 வெற்றிகள் பெற்ற கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 2016-இல் கோப்பையை இழந்தது ஏன்?

என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரின் 2015-16 பருவத்தில், தொடர்ந்து 24 வெற்றிகளுடன் தொடங்கி, 82 ஆட்டங்களில் 73-ஐ வென்று, சிகாகோ புல்ஸ் 1995-96-இல் படைத்திருந்த 72 வெற்றிகள் என்ற சாதனையை முறியடித்த அணி இறுதியில் தோற்றது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். லீக் சுற்றின் வெற்றிக் கணக்கு இறுதிச்சுற்றுக்கு எடுத்துச் செல்லப்படுவதில்லை. அங்கே முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணிக்கே கோப்பை.

கிளீவ்லாந்து கேவலியர்ஸுக்கு எதிரான இறுதிச்சுற்றில் வாரியர்ஸ் 3-1 என முன்னிலை பெற்றிருந்த நிலையில், பிளேஆஃப் ஆட்டங்களில் சேர்ந்துபோன கடுமையான (ஃபிளேக்ரண்ட்) ஃபவுல்களுக்காக அந்த அணியின் டிரேமண்ட் கிரீன் ஐந்தாவது ஆட்டத்தில் விளையாடத் தடை பெற்றார். அதுவே திருப்புமுனை என்பது என் கருத்து. அவர் இல்லாத அந்த ஆட்டத்தில் கேவலியர்ஸின் லெப்ரான் ஜேம்ஸ், கைரி இர்விங் இருவருமே தலா 41 புள்ளிகள் குவித்தனர். வாரியர்ஸின் மைய வீரர் (சென்டர்) ஆண்ட்ரூ போகட்டும் அதில் காயமடைந்து விலகினார்.

ஜூன் 19 அன்று நடந்த ஏழாவது ஆட்டம் 89-89 எனச் சமநிலையில் நின்றபோது, ஏறத்தாழ இரண்டு நிமிடங்களே மீதமிருக்க, வாரியர்ஸின் இகுவடாலா கூடைக்கருகில் எழுப்பிய பந்தைப் பின்னாலிருந்து பாய்ந்து வந்த லெப்ரான் பலகையோடு அறைந்து தடுத்தார். இன்று பார்த்தாலும் மெய்சிலிர்க்கும் காட்சி அது. பின்னர், 53 விநாடிகள் இருக்கையில், வாரியர்ஸின் ஸ்டீபன் கரியின் தலைக்கு மேலாக இர்விங் மூன்று புள்ளிகளை எய்தார். கடைசி நாலரை நிமிடங்களில் வாரியர்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்காததால், ஆட்டம் 93-89 என முடிந்தது.