வருமான வரியும் பொதுச் செலவும்: கேட்டதும் சொன்னதும்

கல்லூரியில் பொது நிதி என்ற பாடம் நடத்துகிறேன், அதாவது அரசின் வரவு செலவு பற்றிய பொருளாதாரம். ரிட்டர்ன் எப்படிப் போடுவது என்பதை ஆடிட்டரிடம் கேளுங்கள். வரியை ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் நான் சொல்கிறேன். வந்த கேள்விகளில் சில கீழே.

கணக்கப்பிள்ளை: மேடம், வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்கு மேல் பத்தாயிரம் கூடினால் கையில் வருவது குறையும் என்கிறார் ஆபீஸ் நண்பர். ஸ்லாப் (வரி விகிதம் மாறும் வருமானப் படி) தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டும்தானே கூடுதல் விகிதம்?

பொதுவாக நீங்கள் சொல்வதுதான் சரி. இந்த ஓர் இடத்தில் மட்டும் நண்பர் ஜெயித்துவிட்டார். 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் 12 லட்சத்துக்கு வரி 60,000 ரூபாய். ரிபேட் என்ற வரித் தள்ளுபடி அதை அப்படியே கழித்துவிடும். 12,10,000 ஆனால் ரிபேட் போய்விடும், வரி 61,500. பத்தாயிரம் கூடுதலாக வந்தவரிடம் அறுபத்தோராயிரம் கேட்பது அடாவடி என்பதால் மார்ஜினல் ரிலீஃப் வைத்தார்கள்: 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு வந்ததோ அதைத் தாண்டி வரி போகாது. ஆக வரி 10,000. அந்த வரியின்மேல் 4% செஸ் என்ற கூடுதல் வரி, 400. பத்தாயிரம் வந்தது, 10,400 போயிற்று. சுமார் 12,70,588 வரை இதே கதைதான். அந்தப் பட்டைக்குள் கூடுதலாக வரும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் 104 ரூபாய் வரி.

கீழே உள்ளவருக்குக் கொடுத்த சலுகையை மேலே எங்கேயாவது திரும்ப எடுத்துத்தான் ஆக வேண்டும். செங்குத்தாக எடுத்தால் சிலருக்குப் பலத்த அடி. சரிவாக எடுத்தால் பலருக்குக் கொஞ்சம் கொஞ்சம் வலி. இரண்டுக்கும் வாதம் உண்டு. ஆனால் நூறைத் தாண்டிய விகிதத்துக்கு எந்தக் கோட்பாட்டிலும் இடமில்லை. அந்தப் பட்டையில் இருப்பவர் போனஸை ஏப்ரலுக்குத் தள்ளிவைக்கச் சொல்வார். அரசுக்கும் ஒன்றும் கிடைக்காது.

பெஞ்ச் நாலு: மேம், சிலபஸில் மிர்லீஸ் என்று ஒரு பெயர் வருகிறது. சமன்பாட்டைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. அவர் சொன்னது என்ன, இரண்டு வரியில்?

இரண்டு வரி போதாது. ஊரில் இரண்டு டாக்டர்கள். ஒருவர் ஆறு நாள் கிளினிக்கில் உட்கார்ந்து ஆண்டுக்கு 20 லட்சம் சம்பாதிக்கிறார். இன்னொருவர் கெட்டிக்காரர், மூன்று நாளிலேயே அதே 20 லட்சம் வந்துவிடும், ஆறு நாளும் வேலை பார்த்தால் 40. நியாயப்படி திறமைக்குத்தான் வரி போட வேண்டும். ஆனால் திறமை அரசின் கண்ணுக்குத் தெரியாது, வருமானம்தான் தெரியும். 40 லட்சத்துக்காரர் மேல் பாரத்தை ஏற்றினால் கெட்டிக்காரர் மூன்று நாளோடு கடையைச் சாத்திவிட்டு, தானும் 20 லட்சத்துக்காரர்தான் என்று காட்டிக்கொள்வார். அதில் சட்டமீறல் எதுவும் இல்லை. அப்படி வேஷம் போடுவது அவருக்கே லாபமில்லாதபடி வரி அட்டவணையை எழுதுவதுதான் பிரச்சினை. 1945-இல் வில்லியம் விக்ரி கேள்வியை இந்த வடிவத்தில் வைத்தார், கணக்கை முடிக்க முடியவில்லை. 1971-இல் ஜேம்ஸ் மிர்லீஸ் முடித்தார். இருவருக்கும் சேர்த்து 1996-இல் பொருளாதார நோபல் பரிசு. அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் விக்ரி காலமானார்.

சிவப்புத்துண்டு: தோழர், இந்தக் கோட்பாடெல்லாம் சுற்றிவளைத்துப் பணக்காரனுக்கு வரியைக் குறை என்பதில்தானே வந்து நிற்கும்?

மிர்லீஸுக்கே அதில் ஏமாற்றம் இருந்தது. பிரிட்டனின் லேபர் கட்சிப் பக்கம் சாய்ந்தவர். கணக்கு உயர்ந்த விகிதங்களை நியாயப்படுத்தும் என்று எதிர்பார்த்ததாகவும் அது அப்படி வரவில்லை என்றும் அந்த 1971 கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார். ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2011-இல் பீட்டர் டைமண்ட், இம்மானுவேல் சயஸ் என்ற பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவின் உச்சி வருமானக்காரர்களுக்குப் போட்ட கணக்கில் வரி விகிதம் 73% என்று வந்தது. சூத்திரம் எளிது: 1-ஐ (1 + அ × இ)-ஆல் வகுக்க வேண்டும். 'அ' என்பது உச்சியில் வருமானம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதற்கான எண். பெரிய பெரிய வருமானங்கள் அதிகமாக இருந்தால் அது சிறியதாகும். அமெரிக்காவுக்கு 1.5. 'இ' என்பது வரிக்கு வருமானம் எவ்வளவு நெளிகிறது என்பது. அவர்கள் எடுத்தது 0.25.

அந்த 'இ'-யில்தான் விஷயமே இருக்கிறது. உழைப்பைக் குறைப்பது மட்டுமல்ல, ஒளிப்பதும் மனைவி பெயருக்கு மாற்றுவதும் அதில் அடக்கம். இந்தியாவில் 1973-74-இல் உச்ச விகிதம் 97.75%: வரி 85, அந்த வரித்தொகையின்மேல் 15% சர்சார்ஜ். ஏய்ப்புக்கு இவ்வளவு உயர்ந்த விகிதமே முக்கியக் காரணம், 75-க்குக் குறையுங்கள் என்று அரசு அமைத்த வாஞ்சூ கமிட்டி 1971-லேயே சொல்லியிருந்தது. 1974-75-இல் 77, அடுத்து நம் சி. சுப்பிரமணியம் நிதியமைச்சராக இருந்தபோது 66, 1997-இல் ப. சிதம்பரம் 30 ஆக்கினார். உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஓட்டைகள் நிறைய இருக்கும் நாட்டில் 'இ' பெரிதாக இருக்கும், அதனால் உச்ச விகிதம் தாழ்ந்தே இருக்க வேண்டியிருக்கும். ஓட்டையை அடைத்தால் அதே சூத்திரம் உயர்ந்த விகிதத்தைக் கொடுக்கும். விகிதத்துக்கு மட்டும் கொடி பிடித்துப் பயனில்லை.

மூணாவது மாடி: அக்கா, எங்கள் பழைய அபார்ட்மென்டில் நாலு வீடு. லிஃப்ட் போட 12 லட்சம். 'உங்களுக்கு எவ்வளவு பிரயோஜனம்?' என்று அசோசியேஷன் கேட்டால் எல்லோரும் 'எனக்குத் தேவையே இல்லை' என்கிறார்கள், போட்டால் ஏறாமலா இருப்பார்கள்? உண்மையை வாங்க வழி உண்டா?

உண்டு. விலையும் உண்டு.

1954-இல் பொருளாதார அறிஞர் பால் சாமுவேல்சன் சொன்ன சிக்கல் இது: ஒருவர் அனுபவிப்பதால் மற்றவருக்குக் குறையாத பொருளுக்கு (பொதுப் பண்டம் என்பார்கள்), ஆசையைக் குறைத்துச் சொல்வதுதான் ஒவ்வொருவருக்கும் லாபம். 1971-இல் எட்வர்ட் கிளார்க் ஒரு வழி சொன்னார், தியோடர் குரோவ்ஸ் அதை விரிவாக்கினார். உங்கள் கட்டடத்துக்கே போட்டுப் பார்ப்போம்.

ஆளுக்கு 3 லட்சம் பங்கு. மனசில் உள்ள மதிப்பு: தரைத்தளத்துக்கு 0, முதல் மாடிக்கு 2 லட்சம், இரண்டாம் மாடிக்கு 5, உங்களுக்கு 6. கூட்டினால் 13, செலவு 12, ஆக லிஃப்ட் போடலாம். பங்கைக் கழித்தால் −3, −1, +2, +3. மொத்தம் +1. இனி ஒவ்வொருவராக எடுத்துவிட்டுப் பாருங்கள். நீங்கள் இல்லாவிட்டால் மொத்தம் −2, லிஃப்ட் வராது. அதாவது முடிவைத் திருப்பியது நீங்கள். மற்றவர்களுக்கு 2 லட்சம் நஷ்டம் வைத்துத் திருப்பினீர்கள். அந்த 2 லட்சத்தைப் பங்குக்கு மேல் கட்டுங்கள். இரண்டாம் மாடி இல்லாவிட்டால் −1, ஆக அவர் 1 லட்சம். கீழே இருவரும் முடிவைத் திருப்பவில்லை, கூடுதல் கிடையாது.

இப்போது பொய் சொல்லிப் பாருங்கள். 6-க்குப் பதில் 10 என்றாலும் அதே 2 லட்சம்தான், ஏனென்றால் தொகை மற்றவர்கள் சொன்னதை வைத்து வருகிறது. 4 என்று குறைத்துச் சொன்னால் மொத்தம் −1, லிஃப்டே இல்லை. உங்களுக்கு மிஞ்சியிருக்க வேண்டிய 1 லட்சம் போச்சு. உண்மை சொல்வதில் நஷ்டமே கிடையாது.

விலை என்னவென்றால், வசூலான அந்தக் கூடுதல் 3 லட்சத்தை உங்கள் நால்வருக்குள் பிரித்துக்கொள்ளக் கூடாது. யாருக்கு எவ்வளவு திரும்பும் என்று கணக்குப் போட ஆரம்பித்த நொடியே பொய் திரும்பிவிடும். பணம் கட்டடத்தை விட்டு வெளியே போக வேண்டும். எந்த அசோசியேஷன் ஒத்துக்கொள்ளும்? தவிர, தரைத்தளத்துக்காரர் ஏறாத லிஃப்டுக்கு 3 லட்சம் கட்டுகிறார். விருப்பம் இருந்தால் சேரலாம் என்று விட்டால் அவர் சேர மாட்டார்.

இரண்டாவது மாடி: (மேலே கேட்டவர் பக்கத்து ஆள்தான்.) நாங்கள் இருவரும் படிக்கட்டில் நின்று பேசி, ஆளுக்கு 20 லட்சம் என்று எழுதிக்கொடுத்தால்?

அப்போது உங்களில் ஒருவரை எடுத்தாலும் மற்றவரின் 20 லட்சமே லிஃப்டைத் தூக்கிவிடும். யாரும் முடிவைத் திருப்பியவர் ஆக மாட்டார், இருவருக்கும் கூடுதல் பூஜ்யம். முறையின் பலவீனத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள், வாழ்த்துகள். பேசாமல் மாடிக்கேற்பப் பங்கு பிரியுங்கள்: தரைத்தளத்துக்கு விலக்கு, மேலே போகப் போக அதிகம். மாடி எண்ணை யாரும் மறைக்க முடியாது.

புதூர்க்காரன்: எங்கள் ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி, வீட்டுக்கு இவ்வளவு என்று நாட்டாமை சொன்னால் மறுபேச்சு இல்லை. நாட்டுக்கே அப்படி வைத்தால் இந்தத் திருட்டு வேஷமெல்லாம் தேவைப்படாதே?

அந்த வரியால் யாரும் வேலையைக் குறைக்க மாட்டார்கள், அது உண்மை. ஆனால் உங்கள் ஊரில் யாரால் கட்ட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்; விதவை வீட்டுக்குச் சத்தமில்லாமல் விட்டுக்கொடுப்பீர்கள். நாட்டுக்கு அந்தக் கண் கிடையாது. பிரிட்டனில் பிரதமர் தாட்சரின் அரசு ஆளுக்கு இவ்வளவு என்று தலைவரி கொண்டுவந்தது, ஸ்காட்லாந்தில் 1989, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990. மார்ச் 31, 1990 அன்று லண்டனில் கலவரம். அந்த ஆண்டே தாட்சர் பதவி விலகினார், 1993-இல் வேறு வரி வந்தது.

எம்.ஏ. இரண்டாமாண்டு: வருமான வரிப் பணத்தில்தான் பொதுப் பண்டங்கள் வருகின்றன. திறமையை மறைப்பது, ஆசையை மறைப்பது என்ற இரண்டு சிக்கலும் ஒன்றாக வந்தால்?

கோடிப் பேர் உள்ள நாட்டில் தனியாள் பொய் எதையும் மாற்றாது, பலர் கூட்டாகச் சொல்லும் பொய்தான் மாற்றும். பாலத்துக்கு எவ்வளவு ஆசை என்று கேட்டால், செலவில் பெரும் பங்கு கட்டப் போகிற உயர் வருமானக்காரர்கள் உள்ளதைக் குறைத்துச் சொல்வார்கள், பங்கே இல்லாதவர்கள் கூட்டிச் சொல்வார்கள். ஆக வரி அட்டவணையின் செங்குத்தே வரப்போகும் பதிலைக் கோணலாக்கிவிடுகிறது. ஆய்வுக்குத் தலைப்புத் தேடினால் இங்கே தோண்டுங்கள்.

டேட்டா தம்பி: ஏஐஎஸ்-இல் (வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கை) வட்டி, டிவிடெண்ட், விற்ற ஷேர் எல்லாமே வந்துவிடுகிறது. இன்னும் என்ன ரகசியம் பாக்கி?

சம்பாதித்தது தெரிகிறது. சம்பாதித்திருக்கக்கூடியது தெரியவில்லை. அதனால்தான் மாற்ற முடியாத அடையாளங்களைத் தேடுகிறார்கள்: பழைய முறையில் 60 வயதானவருக்கு 3 லட்சம், 80 ஆனவருக்கு 5 லட்சம் வரை வரியில்லை. வயதை யாரும் வேண்டுமென்று கூட்டிக்கொள்ள முடியாது. இதை இன்னும் கொஞ்சம் இழுத்தால் வேடிக்கை. உயரமானவர்கள் சராசரியில் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்பதால், 2010-இல் மான்கிவ், வைன்சியர்ல் என்ற பொருளாதார அறிஞர்கள் உயரத்தை வைத்து மிர்லீஸ் கணக்கை அப்படியே போட்டார்கள். 50,000 டாலர் வாங்கும் நெட்டையர் அதே சம்பளக் குட்டையரைவிட 4,500 டாலர் அதிகமாகக் கட்ட வேண்டும் என்று வந்தது. அபத்தம் என்று தோன்றினால் கோட்பாட்டில் எந்த இடம் உங்களுக்கு இடிக்கிறது என்று சொல்லுங்கள், அதுதான் அவர்கள் கேட்டது. நான் ஐந்தடி இரண்டு அங்குலம்; எனக்கு ஆட்சேபம் ஏதும் இல்லை.