உயரமான ஆட்கள் இருந்தும் ஏன் தோற்கிறோம்?

தம்பி, பஸ்ஸர்பீட்டரில் (கூடைப்பந்து அணியை நிர்வகிக்கும் இணைய விளையாட்டு) உயரமான இரண்டு பேரை வைத்துக்கொண்டு 'ரன் அண்ட் கன்' என்ற வேகமான தாக்குதல் உத்தியில் ஆடி வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த உத்தியில் பந்து வெளியிலிருந்துதான் பறக்கும். போன சீசனில் எனக்கும் இதே கதை. வீட்டில் சாப்பாட்டுத் தட்டை ஓரம் தள்ளிவிட்டு ஆட்டத்தைப் பார்த்தேன். என் சென்டர், அதாவது கூடைக்கு அருகில் ஆடும் உயரமான ஆள், கூடைக்கடியில் நின்றார், முழு ஆட்டத்திலும் எறிந்தது நான்கே முறை.

அதற்குப் பதிலாக 'லோ போஸ்ட்' உத்தியைப் போடுங்கள். வேகம் குறையும், பந்து உள்ளே போகும். ஆனால் பந்தை நடத்திச் செல்லும் பாயின்ட் கார்டுக்குப் பாஸ் திறன் வேண்டும், இல்லையென்றால் பந்து உள்ளே போய்ச் சேராது. பயிற்சியை அதில் வையுங்கள்.

அப்புறம், எதிரணியின் பழைய ஆட்டங்களைத் திறந்து பாருங்கள். அவர்கள் எப்போதும் 2-3 ஸோன் (முன்னால் இருவர், கூடைப் பக்கம் மூவர் நிற்கும் தடுப்பு) என்றால் கூடைக்கடியை அடைத்துவிடுவார்கள். வெளியிலிருந்து எறியத் தெரிந்த ஆள் இருந்தால் அன்றைக்கு மட்டும் வெளியிலிருந்து எறியும் 'மோஷன்' உத்தி சரி.