மாதங்க மலையா, ஹேமகூடமா?

மூட்டுவலி உள்ள அம்மாவை ஹம்பியில் சூரிய உதயம் பார்க்க மாதங்க மலைக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். படிகள் ஒரே உயரத்தில் இல்லை, இடையிடையே உடைந்தும் கிடக்கும். மேலே போகப் போக வெறும் பாறைதான், ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டி பழிவாங்கும்.

அம்மாவுக்கு ஹேமகூடம் போதும். விருபாட்சர் கோயிலை ஒட்டிய சரிவான பாறை, மெதுவாக நடக்கலாம். விஜயநகரப் பேரரசுக்கும் முந்தைய சின்னக் கோயில்கள் அங்கே உண்டு. மாலையில் போங்கள்.

மாதங்கத்துக்கு நீங்கள் மட்டும் போங்கள். ஆனால் இருட்டில் தனியாக வேண்டாம், யாராவது துணை வரட்டும். டார்ச், தண்ணீர் அவசியம். உச்சியில் வீரபத்திரர் கோயில். அங்கிருந்து கீழே பார்த்தால் அச்சுதராயர் கோயில் முழுசாகத் தெரியும், அப்பால் துங்கபத்திரை. 1565-இல் போரில் தோற்றுச் சிதைந்த அந்தப் பேரரசின் தலைநகரம் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.