ஆங்கிலம் போதும் என்கிறார் ஏஜென்ட், போதுமா?

கேள்வி: தான்சானியாவின் தார் எஸ் சலாமிலும் மொசாம்பிக்கின் மபுட்டோவிலும் கணக்காளர் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. இரண்டு ஊரிலும் ஆங்கிலத்தை வைத்தே சமாளிக்கலாம் என்கிறார் ஏஜென்ட். மனைவி, ஆறு வயது மகளுடன் போகிறேன். எதை ஏற்கலாம்?

பதில்: ஏஜென்ட் சொன்னது தார் எஸ் சலாமுக்குப் பாதி உண்மை. மபுட்டோவுக்கு அந்தப் பாதியும் இல்லை.

மொசாம்பிக் 1975 வரை போர்ச்சுகலின் பிடியில் இருந்த நாடு. அதன் அரசியலமைப்புச் சட்டப்படி ஆட்சிமொழி போர்ச்சுகீசியம் மட்டுமே. 2017 கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 17 சதவீதம்தான். ஆனால் உங்களுக்கு அதனால் ஒரு ஆதாயமும் இல்லை. பில், வரிப் படிவம், ஒப்பந்தம் என்று உங்கள் மேசைக்கு வருவதெல்லாம் அந்த மொழியில்தான் இருக்கும். சமையல்காரராகப் போனால் சைகையிலேயே ஓட்டிவிடலாம். கணக்காளர் அப்படி ஓட்ட முடியாது.

தான்சானியாவில் அரசு வேலைகள் சுவாஹிலி, ஆங்கிலம் இரண்டிலும் நடக்கின்றன. அலுவலகக் கணக்கை ஆங்கிலத்தில் எழுதலாம். வாசலைத் தாண்டினால் சுவாஹிலிதான். அரசுத் தொடக்கப் பள்ளியிலும் அதுவே பயிற்று மொழி. ஆங்கிலம் உயர்நிலைப் பள்ளியில்தான் அந்த இடத்துக்கு வருகிறது. ஆகவே மகளுக்கு ஆங்கிலவழித் தனியார் பள்ளிதான் தேட வேண்டியிருக்கும். அந்தக் கட்டணத்தைச் சம்பளப் பேச்சிலேயே சேர்த்துவிடுங்கள். 2021இல் வந்த சட்டத் திருத்தம் நீதிமன்ற மொழியாகவும் சுவாஹிலியை ஆக்கியது. வாடகை ஒப்பந்தத்தை இரண்டு மொழியிலும் கேட்டு வாங்குங்கள்.

சுவாஹிலி நமக்குப் பெரிய கஷ்டம் இல்லை. எழுதியபடியே படிக்கலாம். 'நினகுபெண்டா' என்ற ஒரே சொல்லில் 'நான் உன்னை நேசிக்கிறேன்' அடங்கிவிடும். நாம் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான். பெரியவர்களைக் கண்டால் 'ஷிகமோ' என்று வணங்குங்கள். 'மரஹபா' என்று பதில் வரும்.

மணியில்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள். நம் நாழிகைக் கணக்கைப் போல அங்கும் விடியலிலிருந்தே எண்ணுவார்கள். காலையில் 'சா டாட்டு' என்றால் சொல்லுக்குச் சொல் மூன்று மணி, கடிகாரத்தில் ஒன்பது.

தார் எஸ் சலாமையே ஏற்கலாம் என்பது என் கருத்து. கையெழுத்துப் போடும் முன், போன மாத பில்களில் நாலைந்தின் நகலை அந்த நிறுவனத்திடம் கேளுங்கள். அவை எந்த மொழியில் இருக்கின்றனவோ அதுதான் உங்கள் அலுவலக மொழி.