கதவை முடித்துவிட்டு டிக்கிக்குப் போகலாம்

கேள்வி: என்னிடம் 2016 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ இருக்கிறதுங்க. லோயரிங் ஸ்பிரிங், ஃப்ரீ ஃப்ளோ சைலென்சர் எல்லாம் போட்டாச்சு. அடிக்கடி வால்பாறை போவேன், எப்போதாவது செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கிலும் ஓட்டுவேன். பாட்டு மட்டும் இன்னும் கம்பெனி செட்டில்தான். கோவையில் ஒரு கடையில் 12 இஞ்ச் சப்வூஃபர் பெட்டி, 2,000 வாட்ஸ் ஆம்ப், ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் மூன்றும் சேர்த்து 60 ஆயிரம் சொல்கிறார்கள். போடலாமா? பேட்டரியையும் பெரிதாக மாற்ற வேண்டுமா?
(பெருந்துறை வாசகர்)

பதில்: அந்தப் பட்டியலை அப்படியே போட வேண்டாங்க. 60 ஆயிரம் நல்ல தொகைதான். ஆனால் கடைக்காரர் சொன்ன மூன்றில் ஒன்றுகூட நீங்கள் தினமும் கேட்கும் முன்கதவு ஸ்பீக்கரைத் தொடவில்லை. பாடகரின் குரலும் நாகஸ்வரமும் வருவது அங்கிருந்துதான். அதை விட்டுவிட்டு டிக்கியில் 12 இஞ்ச் பெட்டியை வைத்தால், பின்னால் ஒருவர் தனியாகத் தவில் அடிப்பது போல இருக்கும்.

முதலில் கதவு. வீட்டு ஸ்பீக்கர் மரப்பெட்டியில் உட்கார்ந்திருக்கும். காரில் கதவுதான் அந்தப் பெட்டி. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கும். உள்தகட்டில் இருக்கும் ஓட்டைகள் வழியாகப் பின்பக்க அலை வெளியே வந்து முன்பக்க அலையோடு சேர்ந்தால், கீழ்ச்சுருதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். விலை உயர்ந்த ஸ்பீக்கர் வாங்கியும் 'பேஸே வரலை' என்று பலர் புலம்புவதற்கு இதுதான் காரணம். அதனால் வெளித்தகட்டின் உள்பக்கம் டாம்பிங் ஷீட் ஒட்டி அதிர்வைக் குறைக்க வேண்டும். தகடு முழுக்க ஒட்டத் தேவையில்லை, நடுப்பகுதியில் கால்வாசி முதல் பாதிவரை போதும். உள்தகட்டின் பெரிய ஓட்டைகளை அடைத்து, ஸ்பீக்கரைச் சுற்றிக் காற்று கசியாமல் ஃபோம் வைக்க வேண்டும்.

ஷீட் வாங்கும்போது பியூட்டைல் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். மொட்டைமாடிக்கு ஒட்டும் தார் ஷீட் பாதி விலைக்குக் கிடைக்கும். சித்திரை வெயிலில் ஈரோட்டிலோ கரூரிலோ வண்டியை வெளியே நிறுத்தினால் அது உருகி ஒழுகும், வண்டிக்குள் தார் வாடையும் அடிக்கும். இன்னொன்று, கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளை ஆர்வக்கோளாறில் அடைத்துவிடக் கூடாது. கண்ணாடி வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்குவது வழக்கமானதுதான். வால்பாறை மழையில் ஓட்டுகிறவருக்கு அது வடியாமல் நின்றால் இரண்டே பருவத்தில் துரு வந்துவிடும்.

ஃபோக்ஸ்வேகன் கார்களில் கம்பெனி ஸ்பீக்கரைப் பெரும்பாலும் ரிவெட் அடித்துத்தான் பொருத்தியிருப்பார்கள். டிரில் போட்டு எடுக்கும்போது இரும்புத்தூள் கதவுக்குள் விழும். புது ஸ்பீக்கரின் காந்தம் அதை இழுத்துக்கொண்டால் காயில் உரசும். தூளை வாக்குவம் வைத்து எடுத்த பிறகுதான் புதியதைப் பொருத்தச் சொல்லுங்கள். அடியில் வைக்கும் வளையம் சாதாரண எம்டிஎஃப் பலகையாக இருந்தால் ஈரத்தில் ஊதிவிடும். பிளாஸ்டிக்கோ வார்னிஷ் அடித்த மெரைன் பிளைவுட்டோ நல்லது.

இந்தக் கதவுக்குக் காம்பொனன்ட் செட், அதாவது ஊஃபரும் ட்வீட்டரும் தனித்தனியாக வருவது, 12 ஆயிரம் அளவில் போதும். ட்வீட்டரை முன்கண்ணாடித் தூணில் வைக்க ஆசைப்படுவீர்கள். கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டி என்றால் அந்தத் தூணைத் தொடவே கூடாது. பின்கதவு ஸ்பீக்கர்கள் இருக்கிறபடியே இருக்கட்டும், அதில் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம்.

அடுத்து, அந்த 2,000 வாட்ஸ். ஆம்ப் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிடும் எண்ணுக்கு மதிப்பில்லை. உள்ளே மேனுவலில் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ், என்று போட்டிருப்பதைப் பாருங்கள். கம்பெனி செட்டுகளுக்கும் இதே கதைதான். 50×4, அதாவது நான்கு ஸ்பீக்கருக்கும் தலா 50 வாட்ஸ், என்று எழுதியிருக்கும், பின்னால் பார்த்தால் 10 ஆம்பியர் ஃப்யூஸ். 14 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 140 வாட்ஸ். அதில் ஏறக்குறைய பாதி சூடாகப் போய்விடும். மிச்சத்தை நான்காகப் பிரித்தால் ஸ்பீக்கருக்கு 17, 18 வாட்ஸ் தேறும். கணக்குப் பார்க்கத் தெரிந்துவிட்டால் எந்தக் கடைக்காரரும் உங்களை ஏமாற்ற முடியாது. நிஜமாகவே 2,000 வாட்ஸ் ஆர்எம்எஸ் தரும் ஆம்ப் என்றால் அது முழு மூச்சில் 180 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சின்னக் கார்களில் ஆல்டர்னேட்டர் தருவதே பெரும்பாலும் 100 ஆம்பியரை ஒட்டித்தான் இருக்கும்.

உங்களுக்குத் தேவை சேனலுக்கு 60 வாட்ஸ் ஆர்எம்எஸ் அளவில், டிஎஸ்பி (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகும் ஒலியைத் தனித்தனியாகத் திருத்தும் சிப்) உள்ளேயே இருக்கும் ஒரு நான்கு சேனல் ஆம்ப். 20 ஆயிரத்தை ஒட்டிப் பார்க்கலாம். ஹை லெவல் இன்புட் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கம்பெனி ஸ்கிரீனை மாற்றாமல் அதன் ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கலாம். ஒயரை வெட்டாமல் கப்ளர் போட்டுச் செய்யச் சொல்லுங்கள், நாளைக்கு வண்டியை விற்கும்போது பழையபடி மாட்டிவிடலாம். மலிவான ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் பார்க்க அழகாக இருக்கும். உள்ளே இருக்கும் ஆடியோ பகுதி பெரும்பாலும் உங்கள் கம்பெனி செட்டைவிட மோசம். அந்தக் காசை டிஎஸ்பியில் போடுங்கள்.

டிஎஸ்பி எதற்கு? நீங்கள் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறீர்கள். வலது ஸ்பீக்கர் 80 சென்டிமீட்டரிலும் இடது ஸ்பீக்கர் 125 சென்டிமீட்டரிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலி ஒரு மில்லி விநாடியில் போகும் தூரம் 34 சென்டிமீட்டர். ஆக இடதுபக்க ஒலி 1.3 மில்லி விநாடி பிந்தி வருகிறது. அதனால்தான் பாடகர் உங்கள் வலது முழங்கால் அருகே நின்று பாடுவது போலத் தோன்றுகிறது. வலது ஸ்பீக்கரை அதே 1.3 மில்லி விநாடி தாமதப்படுத்தினால் குரல் டேஷ்போர்டின் நடுவுக்கு வந்துவிடும். டேப் வைத்து அளந்து இந்த எண்களைப் போடாத கடையில் டிஎஸ்பி வாங்கிப் பயனில்லை.

சப்வூஃபர் வேண்டாம் என்று சொல்லவில்லை. 12 இஞ்ச் பெட்டி 20 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். வளைவில் வண்டி சரியாகத் திரும்ப வேண்டும் என்றுதான் ஸ்பிரிங்கே மாற்றியிருக்கிறீர்கள், அப்புறம் டிக்கியில் பாரம் ஏற்றுவது எதற்கு? அதுவும் 40 கொண்டை ஊசி வளைவு ஏறுகிற ஆள். சீட்டுக்கு அடியில் வைக்கும் 8 இஞ்ச் ஆக்டிவ் சப் ஒன்று போதும், அதற்குள்ளேயே ஆம்ப் இருக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைச் சப்புக்கும் மேலே உள்ளதைக் கதவுக்கும் பிரித்துக் கொடுங்கள். எதை வைத்தாலும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். டிராக்கில் பிரேக் அடிக்கும்போது கழன்ற பெட்டி முன்னால் பறக்கும்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க உறுமியும் பம்பையும் வரும் வள்ளி கும்மிப் பதிவு ஒன்றைப் போடுங்கள். உறுமியின் முனகல் டேஷ்போர்டு பக்கமிருந்து வர வேண்டும். சீட்டுக்கு அடியிலிருந்து வந்தால் சப்பின் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். பேட்டரியிலிருந்து ஆம்புக்கு 4 கேஜ் சுத்தத் தாமிர வயர் வேண்டும். கடையில் பாதி விலைக்குத் தருவது பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசியது. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். மெயின் ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும், இதில் சமரசமே கிடையாது. ஒயர் எங்காவது உரசிப் பாடியில் பட்டால் வண்டி தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்க வேண்டும். பவர் வயர் ஒரு பக்கமும் சிக்னல் வயர் மறுபக்கமும் போகட்டும், இல்லாவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஊய் என்று ஒரு சத்தம் ஏறும்.

ஆம்பின் கெயினை, அதாவது உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெரிதாக்குவது என்ற அளவை, காதால் கேட்டு வைக்க விடாதீர்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஃபில்டரை ஆஃப் செய்து, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசியில் வைத்து அளக்க வேண்டும். 60 வாட்ஸ், 4 ஓம் என்றால் 15.5 வோல்ட் காட்டும் இடத்தில் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் திருப்பினால் சத்தம் கொஞ்சம் கூடும், ட்வீட்டர் சீக்கிரம் கருகும்.

ஒன்று கசக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சைலென்சர்தான் இந்தக் காரில் பாட்டுக்கு முதல் எதிரி. நான்கு சிலிண்டர் இன்ஜின் 2,400 ஆர்பிஎம்மில் ஓடும்போது விநாடிக்கு 80 தடவை வெடிக்கிறது. அதாவது 80 ஹெர்ட்ஸ் முழக்கம். சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது காதில் உறுமுவது அதுதான். பேஸ் கிடாரின் சுருதிகள் இருக்கும் இடமும் ஏறக்குறைய அதுவே. அதை அடக்கச் சப்பை ஏற்றிக்கொண்டே போனால் காதுக்குத்தான் கேடு. சைலென்சர் குழாயின் நடுவில் முழக்கத்தைக் குறைக்கும் ரெசனேட்டர் ஒன்று வைத்துப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரலாம்.

பேட்டரியை இப்போது மாற்ற வேண்டாம். இன்ஜின் ஓடும்போது கரன்ட் தருவது ஆல்டர்னேட்டர்தான், இந்த அளவு செட்டுக்கு அது போதும். இன்ஜினை அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 12.2க்குக் கீழே நின்றால் சார்ஜ் ஏற்றி மறுபடி அளந்து பாருங்கள், அப்போதும் நிற்கவில்லை என்றால் அதே அளவில் புதியது போடலாம். வேலை முடிந்ததும் பில்லை எடுத்துக்கொண்டு இன்சூரன்ஸ்காரரிடம் கொடுத்து, கூடுதல் பிரீமியம் கட்டிப் பாலிசியில் ஏற்றிவிடுங்கள். ஏற்றாத ஆம்ப் திருடு போனால் கிளெய்ம் கிடைக்காது.