ஒட்டிய இலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டு வருடமாக மிக்ஸட் மீடியா ஓவியங்கள், அதாவது வண்ணத்தோடு வேறு பொருட்களையும் கலந்த ஓவியங்கள், செய்துவருகிறேன். நடக்கப் போகும்போது சருகு, மரப்பட்டை, விதைக்கூடு என்று பை நிறையப் பொறுக்கிவந்து கேன்வாஸில் ஒட்டுவேன். ஒட்டிய அன்று நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு மாதம் போனால் பள்ளிக்கூடக் கைவேலை மாதிரி தெரிகிறது. சில இலைகள் நிறம் செத்து, ஓரம் சுருண்டு உதிர்ந்தும்விட்டன. உங்கள் ஓவியங்களில் இலையே கண்ணில் படுவதில்லை, ஆனால் காடு இருக்கிறது. இயற்கையிலிருந்து நீங்கள் எதைத்தான் எடுத்துக்கொள்கிறீர்கள்? முன்கூட்டியே திட்டம் போடுவீர்களா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இலை உதிர்ந்ததை முதலில் பேசிவிடுவோம், அது எளிது. பச்சை இலைக்குள் தண்ணீர் இருக்கிறது. ஒட்டிய பிறகு அது காயும், சுருங்கும். பசை கூடவே சுருங்காது. அதனால்தான் ஓரம் தூக்குகிறது. மேலே பூச்சு போட்டு ஈரத்தை உள்ளேயே அடைத்திருந்தால் பூஞ்சையும் வரும். தாள்களுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றி, தொட்டால் மொறுமொறுவென்று ஆகும்வரை காயவிடுங்கள். பிறகு அடியிலும் மேலும் அக்ரிலிக் மீடியம் (அக்ரிலிக் வண்ணத்தில் நிறம் சேர்க்காத கூழ்) பூசி ஒட்டினால் நிற்கும். நிறம் மட்டும் நிற்காது. வெளிச்சம் பச்சையத்தைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். பச்சை வேண்டுமென்றால் வண்ண ட்யூபிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கைவேலை மாதிரி தெரிவதற்குக் காரணம் வேறு. ஒட்டிய இலை தன்னைத் தவிர வேறு எதையும் சொல்வதில்லை. பார்ப்பவர் ‘ஓ, நிஜ இலை’ என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஓவியர் 1925இல் தேய்ந்த மரத்தரைமேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். ஃப்ரோட்டாஜ் என்று அதற்குப் பெயர். பலகையின் ரேகைகள் தாளில் ஏறி வேறு ஏதேதோ ஆயின. பிறகு இலைகளையும் அப்படியே தேய்த்தார். தாளுக்கு வந்தது தடம் மட்டும்தான், இலை அடியிலேயே தங்கிவிட்டது. அந்தத் தடம் மரமாகவோ மிருகமாகவோ மாற இடம் இருந்தது.

என் வழக்கத்தைக் கேட்டீர்கள். வெளியே போகும்போது நான் படம் வரைந்துகொள்வது குறைவு. ஒரு சின்ன நோட்டில் வினைச்சொற்களை எழுதிக்கொள்வேன். உரிகிறது, படிகிறது, அரிக்கிறது, கசிகிறது, வெடிக்கிறது. பட்டை எப்படி இருக்கிறது என்பதைவிட அது என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு வேண்டும். அதைப் பொருட்களைக் கொண்டு நானும் செய்ய முடியும். ‘உரிகிறது’ என்றால் ஒரு நிறம், மேலே டிஷ்யூ தாள், அதன்மேல் இன்னொரு நிறம், காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பு. அடியில் மறந்துபோன மஞ்சள் அங்கங்கே எட்டிப்பார்க்கும். ‘கசிகிறது’ என்றால் அரைகுறையாகக் காய்ந்த அக்ரிலிக்கில் தண்ணீர் தெளித்து, கொஞ்சம் பொறுத்துத் துணியால் ஒற்றுவது. எவ்வளவு நேரம் பொறுப்பது என்று யாரும் சொல்லித்தர முடியாது. அன்றைய காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. மெழுகுக் கிரேயானில் கோடு போட்டு மேலே மையைக் கரைத்து ஊற்றினால், மெழுகு இருக்கும் இடத்தை மை விட்டு விலகும். நனைந்த பாறையில் பாசி பிடிக்காத இடம்போல.

(தமிழ், இலைக்கு வயதுக்கொரு பெயர் வைத்திருக்கிறது. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. நீங்கள் பொறுக்கியது இதில் எது என்று ஒட்டும் முன் யோசித்தீர்களா?)

திட்டம் என்று பார்த்தால் அளவும் முதல் படலமும்தான். இன்னொன்றையும் முன்பே முடிவுசெய்தாக வேண்டும், எது கீழே, எது மேலே என்பது. அக்ரிலிக்மேல் எண்ணெய் வண்ணம் போகலாம். எண்ணெய்மேல் அக்ரிலிக் கூடாது. அக்ரிலிக் தண்ணீர் ஆவியாகிக் காய்கிறது. எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து மாதக்கணக்கில் மெல்ல இறுகுகிறது, அந்த வழுக்கலில் அக்ரிலிக்குக்குப் பிடிப்பு கிடைக்காது. இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல ஆசைதான். ஒரு பெரிய கேன்வாஸில் மேல்படலம் மொத்தமும் தோலாகக் கையோடு வந்தபோதுதான் தெரிந்தது. பட்டை உரிவது மாதிரியே அழகாக இருந்தது. மரத்துக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியும், என் கேன்வாஸுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது படலத்தில் எல்லா ஓவியமும் அசிங்கமாகத்தான் இருக்கும். நான் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிடுவேன், ஒரு வாரமாவது.

இலை உதிர்ந்த அந்த ஓவியத்தைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? இலை இருந்த இடத்தில் பசை காய்ந்து ஒரு தடம் இருக்கும், நரம்புகூடப் பதிந்திருக்கலாம். மீதி இலைகளையும் எடுத்துவிடுங்கள். நீர்த்த மையை மேலே ஓடவிட்டு, கேன்வாஸைச் சாய்த்துப் பிடியுங்கள். பசை உள்ள இடமும் இல்லாத இடமும் மையை ஒரே மாதிரி வாங்காது. என்ன வருகிறதென்று எனக்கு எழுதுங்கள்.