கிளப் வாசலுக்கு வெளியே

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் கோல்ஃப் போட்டியான ரைடர் கோப்பை பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். எரிச்சல்தான் வந்தது. கோல்ஃப் என்பது பணக்காரர்கள் புல்லில் நடப்பதற்குக் கண்டுபிடித்த சாக்கு. ஐரோப்பாவில் அது தொழில்முறைப் போட்டியாக வளர்ந்ததும் கம்பெனிகளின் விளம்பரப் பணத்தில்தான். இதில் நாம் சிலாகிக்க என்ன இருக்கிறது?

செல்வம், திருப்பூர்

அன்புள்ள செல்வம்,

‘சாக்கு’ என்ற சொல்லைப் படித்துச் சிரித்துவிட்டேன். கோல்ஃப் ஆடும் நண்பர் ஒருவருக்கு அந்த வரியை அப்படியே அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.

கிளப் உறுப்பினர்களைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. காசுக்கு ஆடியவர்கள் வேறு கூட்டம். 1860இல் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் கோல்ஃபின் மிகப் பழைய பெரும்போட்டியான ஓப்பன் முதன்முறை நடந்தபோது களத்தில் இறங்கியவர்கள் எட்டே பேர். பந்து செய்வது, மட்டை செய்வது, புல்தரையைப் பார்த்துக்கொள்வது, கனவான்களின் மட்டைகளைச் சுமப்பது என்று பிழைத்தவர்களின் உலகம் அது. ஜெயித்த வில்லி பார்க்குக்குக் கிடைத்தது ஒரு சிவப்புத் தோல் பெல்ட், அதுவும் அடுத்த ஆண்டு திருப்பித் தரவேண்டியது. காசு கிடையாது. 1864இல் வென்ற டாம் மாரிஸ் வாங்கியது ஆறு பவுண்டு.

கிளப்பில் மட்டையும் பந்தும் விற்கும் சின்னக் கடைதான் இவர்களுக்குச் சோறு போட்டது. அந்தக் கடையையும் கிளப்புகள் வேறு ஆட்களுக்குக் குத்தகைக்கு விடத் தொடங்கியபோதுதான் பிரிட்டனில் 1901இல் பி.ஜி.ஏ. என்ற தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர்களின் சங்கம் பிறந்தது. அதை முன்னின்று நடத்திய ஜே.எச்.டெய்லர் சிறுவயதில் கேடியாக, அதாவது மட்டை சுமக்கும் பையனாக, இருந்தவர். சங்கம் எதற்கு வேண்டும் என்று திருப்பூர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இருந்தும் வாசல் திறக்கவில்லை. 1920இல் இங்கிலாந்தின் டீல் நகரில் ஓப்பன் ஆட வந்தார் அமெரிக்கரான வால்டர் ஹேகன். காசுக்கு ஆடுபவர்கள் கிளப் கட்டடத்துக்குள் உடை மாற்றக் கூடாது என்றார்கள். அவர் ஒரு பெரிய காரை வாடகைக்குப் பிடித்து, கட்டடத்தின் எதிரிலேயே நிறுத்தி, அதற்குள் உட்கார்ந்து உடை மாற்றிக்கொண்டார். ஆட்டம் என்னவோ படுமோசம். அதற்காக அந்தக் கார் மறந்துபோகுமா?

இன்னொன்று. 1965 வரை ஓப்பனின் கடைசி இரண்டு சுற்றுகளையும், 36 குழிகள், வெள்ளிக்கிழமை ஒரே நாளில் ஆடி முடித்தார்கள். சனி, ஞாயிறு உறுப்பினர்கள் கிளப்புக்கு வருவார்கள், கடையில் ஆள் இருக்க வேண்டுமே! போட்டி ஆடி மட்டுமே வாழலாம் என்ற நிலை மெதுவாகத்தான் வந்தது. 1971இல் பி.ஜி.ஏ.வின் போட்டிகளுக்குப் பொறுப்பேற்ற ஜான் ஜேக்கப்ஸ், பிரிட்டனின் போட்டிகளையும் பிரான்ஸ், ஸ்பெயின், ஜெர்மனி போன்ற நாடுகளின் ஓப்பன்களையும் ஒரே அட்டவணையில் கோத்தார். 1972தான் ஐரோப்பிய டூர் என்ற அந்தப் போட்டித் தொடரின் முதல் ஆண்டு. நீங்கள் சொல்லும் விளம்பரப் பணம் இங்கேதான் உள்ளே வருகிறது. சிகரெட் பணமும் அதில் உண்டு. மறுக்கவில்லை.

ஆனால் அட்டவணையைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. செவே பயஸ்டெரோஸ் வந்தார். வடக்கு ஸ்பெயினின் பெட்ரேன்யா கிராமத்தில் விவசாயி மகன், கேடிப் பையன். அண்ணன் கொடுத்த ஒற்றை இரும்புத்தலை மட்டையுடன் (3-அயர்ன்) கடற்கரை மணலில் பழகியவர். எல்லாவிதமான அடியையும் அந்த ஒரே மட்டையில் அடித்துப் பார்த்த கை அது. 1979 ஓப்பனில், லித்தம் மைதானத்தின் 16ஆவது குழியில், பந்து கார் நிறுத்தும் இடத்துக்குப் போய்விட்டது. விதிப்படி நகர்த்தி வைத்து அடித்து, அந்தக் குழிக்குக் குறித்த அடிகளில் ஒன்றை மிச்சம் பிடித்து, கோப்பையையும் வாங்கினார். ரைடர் கோப்பையில் பிரிட்டன், அயர்லாந்தோடு ஐரோப்பியக் கண்டத்தவரும் சேர்ந்து ஆடத் தொடங்கியது அதே ஆண்டு. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளாக அமெரிக்கா அந்தக் கோப்பையை விட்டுக்கொடுக்கவே இல்லை. 1985இல் ஐரோப்பா அதைப் பறித்தது. அந்த அணியில் இருந்த பெர்ன்ஹார்ட் லாங்கரும் ஜெர்மனியில் கேடி வேலை பார்த்தவர்தான்.

இப்போது அந்த டூரின் பெயரே துபாய்த் துறைமுக நிறுவனத்தின் பெயர். ஆடுபவர்கள் பலர் அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகையில் வளர்கிறார்கள். கேடிப் பையன்களைத் தேடினால் கண்ணில் படுவதில்லை. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் இன்றைய நட்சத்திர ஆட்டக்காரர் ரோரி மெக்கில்ராயின் அப்பா ஒரு கிளப்பில் கழிவறை கழுவினார், இன்னொன்றில் மதுக்கூட வேலை பார்த்தார். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட்.